துளசிமணி பேருல ஆறு நாள்

துளசிமணின்னு நீ கேக்கறது என்னையத்தான் அம்மிணி. ஆனா எம் பேரு துளசிமணி இல்ல. எம் பேரு மயிலாத்தா. சித்தெ உக்காரு. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். போன மாசம் எம்பட மச்சாண்டார் அதுல உக்காந்து பேசீட்டே இருந்தவரு, பேச்சு முடியறதுக்குள்ள தரையில இருந்தாரு. அது கெடக்கட்டும். இந்தக் கட்டல்ல உக்காரு. மோர் குடி. ஆமா, இல்லன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்ங்கறே. அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. நான் சொல்றதைக் கேட்டுட்டு, உன்ற கையில இருக்கற அந்தக் கம்ப்யூட்டர்ப் பலகையில எந்தக் கட்டத்துல புள்ளி வெக்கோணுமோ நீயே வெச்சுக்கோ.

நெசத் தொளசி நாலு மணிக்கு வருவா. வந்து, அந்தா தெரியுது பாரு, சிமெண்ட் சீட்டுப் போட்டு சன்னலுக்கெல்லாம் பச்சை வலை கட்டியிருக்குதே, அதுதான் பட்டுப்புழுச் செட்டு, அதுக்குள்ள போயிப் புழுவப் பாப்பா. பாத்துட்டுத்தான் எங்கிட்டத் திரும்ப வேலைக்கு வரலாமா வேண்டாமான்னு சொல்லுவா. அவ வரலீன்னா இந்த வெள்ளாமையோட செட்டை மூடிர வேண்டியதுதான். நெனைச்சு நெனைச்சு எனக்குக் காலையில இருந்து சோறே எறங்கல. நாலே நாலு இட்டிலி தின்னேன்.

புழு மூணாந் தூக்கத்துல கெடக்குது. உனக்குத் தெரியுமோ என்னமோ, பட்டுப்புழு இருக்கே, நாலு தடவை தோலுரிக்கும். ஒவ்வொரு தடவையும் மல்பெரித் தழை திங்கறதை நிறுத்திட்டு, தலையத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு நாள் அப்படியே அசையாமக் கெடக்கும். அதைத்தான் நாங்க தூக்கம்ங்கறது. மொத ரெண்டு தூக்கம் இளம்புழு வளக்கற எடத்துலயே முடிஞ்சிரும். அப்பறந்தான் நம்மகிட்ட வரும். இன்னிக்கி விடிஞ்சதுல இருந்து ஒவ்வொண்ணா எந்திரிக்க ஆரம்பிச்சிருக்குது. எந்திரிச்சது தலைய ஆட்டி ஆட்டித் தேடும். நான் வந்து பாக்கற வரைக்கும் தழை போடாதீங்கன்னு தொளசி சொல்லியிருக்கா. நானும் போடல. ஒரு எலை போடல.

ஏன் இத்தனை சட்டதிட்டம்னு கேக்கறியா? அதுக்குத்தான் வரேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி உம்பட ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு வடக்கத்திக்காரரு. இன்னொருத்தரு தமிழ்தான், ஆனா புஸ்தகத்துல இருக்கற தமிழ். வேலை செய்யறவங்க வேலை செய்யற எடத்துலயே எப்படிக் கத்துக்கறாங்க, அப்படிக் கத்துக்கிட்டா பண்ணையில லாபம் கூடுதா, அதுதான் ஆராய்ச்சின்னாங்க. நாப்பது செட்டு பேரை எழுதிச் சீட்டுக் குலுக்கி இருவது செட்டு ஆளுகளுக்குப் பயிற்சி, மீதி இருவதுக்கு இல்ல. ஏனுங்க, நல்லதுன்னா அல்லாருக்கும் குடுக்கலாமில்ல, நல்லதில்லீன்னா ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதில்லன்னு கேட்டேன். நல்லதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தாங்க இத்தனையும்னாரு அந்தப் புஸ்தகத் தமிழ்க்காரரு. படிச்சவங்க எங்கியும் மாட்ட மாட்டாங்க.

எங்க செட்டு சீட்டுல வந்திருச்சு. எனக்குத் தலைகால் புரியல. ஆறு நாள் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, கடைசியில சர்டிபிகேட்டு. எத்தனை மணிக்கு வரோணும்னு கேட்டேன். உங்குளுக்கு இல்லீங்கம்மா, செட்டுல வேலை செய்யறவங்க ஒருத்தருக்குத்தான்னுட்டாரு. எனக்குப் பொக்குனு போச்சு.

வேலை செய்யறதுன்னா தொளசிதான். பதினோரு வருசமா அவதான். அவங்கப்பன் எங்க தோட்டத்துல ஏத்தம் எறைச்ச ஆளு. செட்டு போட்ட மொத நாள்ல இருந்து அவளுக்கு அல்லாத்தையும் நாந்தான் கத்துக் குடுத்தேன். வாசப்படியில நின்னு சொல்லுவேன், அவ செய்வா. நான் உள்ள போக மாட்டேன். எனக்குப் புழுன்னா ஒடம்பெல்லாம் கூசும். பதினோரு வருசத்துல எங்க செட்டுல ஒரு புழுவத் தொட்டதில்ல. இருந்தாலும் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல.

அவளைப் பயிற்சிக்கு அனுப்பறதுக்கு எனக்கு மனசு வல்ல. காரணம் ஆறுச்சாமி. அவன் யாருன்னா, எங்க டிராக்டர் ஓட்டுனவன். ஓட்டத் தெரியாம வந்தவனுக்கு எம்பட ஊட்டுக்காரரு பக்கத்துல உக்காந்து கத்துக் குடுத்தாரு. ரெண்டு வரப்பு, ஒரு தென்னம்புள்ளை, மோட்டார் ரூம்புச் செவுரு, இத்தனையும் பலி குடுத்து அவன் கத்துக்கிட்டான். லைசென்ஸ் வந்த ஆறாம் மாசம் காங்கேயத்துல அரிசி மில்லு லாரிக்குப் போயிட்டான். இன்னிக்கும் மாரியாத்தா நோம்பிக்கு வந்தா, நீங்க போட்ட பிச்சைதானுங்கன்னு எம்பட ஊட்டுக்காரரு கால்ல உளுவான். அவருக்குப் பெருமையா இருக்கும். எனக்கு அந்தச் செவுருதான் கண்ணுல நிக்கும்.

அதே மாதிரி தொளசி கத்துக்கிட்டு வந்தா, வாய்க்காலுக்கு அக்கட்டால வேலுச்சாமி பெரிய செட்டு வெச்சிருக்கறான், இருவது ஆளு, அவன் கொத்திட்டுப் போயிருவான். அவ போயிட்டா எனக்குப் புழுவ யாரு பாக்கறது? இதுதான் எம்பட பயம். அதனால நான் ஒரு காரியம் செஞ்சேன். நல்ல ரோசனைன்னுதான் அப்ப நெனைச்சேன்.

தொளசிகிட்டப் பயிற்சி நாயத்தையே எடுக்கல. கோயமுத்தூருக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு ஆறு நாள் போயிட்டு வரோணும்னு சொல்லிட்டு, துளசிமணின்னு பேரைக் குடுத்துட்டு நானே போயி உக்காந்துட்டேன்.

சிரி, சிரி. நான் உன்ற வயசுல இருந்தா நானும் சிரிப்பேன்.

தோட்டையும் வளையலையும் கழட்டி அரிசி டின்னுக்குள்ள வெச்சேன். பழைய நூல் சேலை கட்டுனேன். மூக்குத்தி மட்டும் கழட்ட வல்ல, முப்பது வருசமாக் கழட்டல, சதையோட ஒட்டிருச்சு. பஸ்ல போனேன். எறங்கற எடம் தெரியாம ரெண்டு ஸ்டாப்புக்கு முந்தியே எறங்கி வேகுவேகுன்னு நடந்து போனேன். பேரு துளசிமணி, வயசு முப்பத்தொம்பதுன்னு எழுதுனாங்க. எழுதுன பொண்ணு ஒருக்கா என்னைய நிமுந்து பாத்துச்சு. வெயில்ல வேலை செய்யறதுங்க, அப்படித்தான் இருப்போம்னேன். பாவம், அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இருவது பேரும் வேலைக்கு வரவங்க. பொண்டுக பதிமூணு பேரு. மொத நாள் மத்தியானம் சோறு திங்கறப்பத்தான் வகுப்பே ஆரம்பிச்சுது, நான் சொல்றது அவங்க வகுப்பு. ஒவ்வொருத்தியும் அவ அவ மொதலாளியப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா. உடுமலைப் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தி, பாப்பாத்தின்னு பேரு, எங்கம்மா உள்ள கால வெக்க மாட்டாங்க, வாசப்படியில நின்னுட்டு இந்தப் புழுத்தட்டப் பாரு அந்தத் தட்டப் பாருன்னு கையக் கைய நீட்டுவாங்கன்னு நடிச்சுக் காட்டுனா. அல்லாரும் உளுந்து உளுந்து சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன், வயிறு வலிக்கற அளவுக்கு. உனக்கு எப்படிக்கா உங்கம்மான்னு எங்கிட்டக் கேட்டாங்க. தங்கமான பொம்பளைன்னேன். ஒருத்தியும் நம்பல. இங்க யாரும் போயிச் சொல்ல மாட்டாங்கக்கா, பயப்படாமச் சொல்லுங்கறாங்க. சும்மா இருந்தா சந்தேகம் வருமேன்னு, கொஞ்சம் எச்சாப் பேசுவாங்கன்னு சொல்லி வெச்சேன். டீ எதுல குடுப்பாங்கன்னு பாப்பாத்தி கேட்டா. டம்ளர்லதான்னேன். எந்த டம்ளர்னு அவ கேக்கல. நானும் சொல்லல. தொளசிக்குன்னு ஒரு டம்ளர் செட்டுச் சன்னல்லயே இருக்குது, அவளுக்கு எடுக்க வெக்க வசதியா இருக்கட்டும்னு வெச்சது. அது எம்பட மாமியார் காலத்துப் பழக்கம். அன்னிக்கு அங்க காயிதக் கப்புல டீ குடுத்தாங்க. அல்லாருக்கும் ஒரே கப்பு. குடிச்சேன். எறங்கறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு, சூடு எச்சு.

மூணாம் நாள் புழுவக் கொண்டாந்து கையில வெச்சுப் பாக்கச் சொன்னாங்க. எம்பட கையில ஒண்ண வெச்சாங்க. நான் அதை எங்க வீசுனேன்னு தெரியல, அப்பறம் வகுப்பு எடுத்த சார்வாளோட சட்டைப் பைக்குள்ள இருந்து எடுத்தாங்க. இத்தனை வருசமாப் புழுச் செட்டுல வேலை பாக்கறதாச் சொல்றீங்களேம்மான்னாரு. பாப்பாத்திதான், அக்காவுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க, கை நடுங்குதுன்னு காப்பாத்துனா. எம்பட பங்குப் புழுவையும் அவளே எடுத்துக் காட்டுனா. அவளை மாதிரி ஒருத்தி கெடைச்சா நான் பொன்னாட்டம் வெச்சுக்குவேன்னு நெனைச்சேன். அவங்கம்மாளும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு வாசப்படியில நின்னுருப்பா.

நான் பொழுதோட ஊட்டுக்கு வந்தா தொளசி தெனமும் கேப்பா, கண்ணு எப்படி இருக்குதுங்கம்மான்னு. கண்ணுக்கு நல்லதுன்னு வாய்க்கா ஓரத்துல பொன்னாங்கண்ணிக் கீரை பறிச்சுட்டு வந்து குடுத்தா. ஆறு நாளும் குடுத்தா. நானும் வாங்கிக் கடைஞ்சு தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

ஆறாம் நாள் சர்டிபிகேட்டு. துளசிமணின்னு பேரு, எம்பட போட்டோ. பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில வெச்சுட்டேன். அதுக்கப்பறம் நான் சும்மா இருந்தனா? மக்கா நாளே, விடிஞ்சதும் வாசப்படியில நின்னு, தொளசி, ஈரம் இவ்வளவு இருக்கோணும், தொளசி, சுண்ணாம்புத்தூள இப்படித் தூவோணும்னு ஆரம்பிச்சுட்டேன். அவ சரிங்கம்மா சரிங்கம்மாங்கறா. உள்ள எட்டிப் பாத்தா ஏற்கெனவே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கறா. நான் ஆறு நாள் போயிக் கத்துக்கிட்டு வந்ததுல, அவளுக்குத் தெரியாதது ஒண்ணுகூட இல்ல. நான் என்ன நெனைச்சுக்கிட்டேன்? நாம எத்தனை நல்லாக் கத்துக் குடுத்திருக்கறோம்னு நெனைச்சுக்கிட்டேன்.

இப்படியே ஒரு வருசத்துக்கு மேல ஓடிருச்சு. பொறகுதான் அந்த வெள்ளாமை வந்துச்சு. ஆறு மாசம் இருக்கும். தொளசியோட தங்கச்சி மகளுக்குத் தாராவரத்துல சீரு. ரெண்டு நாள் போகோணும்னா. மூணாந் தூக்கம் எந்திரிக்கற சமயம். போகையில படிச்சுப் படிச்சுச் சொன்னா, அம்மா, எந்திரிக்க எந்திரிக்கத் தழை போட்றாதீங்க, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு எந்திரிச்ச பொறகு ஒட்டுக்காப் போடுங்கன்னு. எனக்குத் தெரியாதாங்கற மாதிரி கையக் காட்டுனேன். சார்வாளும் அதேதான் சொன்னாரு. படம் போட்டெல்லாம் காட்டுனாரு. ஒண்ணு முந்தித் தின்னு, ஒண்ணு பிந்தித் தின்னா, புழு ஏத்தமும் எறக்கமுமாப் போயிரும், கூடு ஒரே சமயத்துல கட்டாதுன்னு. எனக்கு அது மனப்பாடம்.

ஆனா அம்மிணி, காலையில வாசப்படியில நின்னு பாக்கறேன். நூறு, எரநூறு எந்திரிச்சிருச்சு. பாவம், தலைய இப்படி இப்படி ஆட்டுது. ஒரு நாளாப் பட்டினி. நம்ம ஊட்டுல ஒறம்பரை வந்தா, முந்தி வந்தவங்களைப் பின்னால வரவங்களுக்காக எலைய வெறும் எலையாப் பாத்துட்டு உக்காருங்கன்னா சொல்லுவோம்? எம்பட மகன் கல்யாணத்துல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வேன் ரெண்டு மணி நேரம் பிந்தி வந்துச்சு, அதுக்குன்னு மொதப் பந்தியவா நிறுத்துனோம்? மாப்பிள்ளையே எம்பட மகன்தானே, வேன் எப்படிப் பிந்துச்சுன்னு கேக்கறியா? அது பெரிய நாயம், அப்பறம் சொல்றேன். என்னால ஆகல. தோட்டத்துல தழை வெட்டக் கூலிக்கு வர பொண்டுகளைக் கூப்புட்டு, எந்திரிச்சதுக்கு மட்டும் போடுங்கடின்னேன். மத்தியானம் மறுபடி கொஞ்சம் எந்திரிச்சுது, அதுகளுக்கும் போடச் சொன்னேன். சாயங்காலமும் அப்படித்தான். பந்தி பந்தியாப் போட்டேன். மனசு குளுந்து போச்சு எனக்கு.

பத்து நாளைக்கு அப்பறம் தெரிஞ்சுது அந்தக் குளுமை. பாதிப் புழு கூடு கட்டப் பொன்னாட்டம் பழுத்து நிக்குது. மீதி இன்னும் பச்சைக் கொழந்தையாட்டம் தழை திங்குது. பழுத்ததைப் பொறுக்கிக் கூடு கட்டற வலையில விடறதா, திங்கறதுக்குத் தழை போடறதா? ஆள் பத்தல. கூடு கட்டுனதும் ஒண்ணு கொட்டைப்பாக்காட்டம், ஒண்ணு காயிதமாட்டம். மார்க்கெட்டுல கையில எடுத்துப் பாத்தவன் பேசாமக் கீழ வெச்சுட்டுப் போனான். அதைவிட வஞ்சிருக்கலாம்.

ஆனா நான் சொல்ல வந்தது மார்க்கெட்டுக்கு முந்தி. தொளசி சீரு முடிஞ்சு வந்த அன்னிக்கே உள்ள போயிப் பாத்துட்டு வெளிய வந்தா. மூஞ்சி சுண்டிப் போயிருந்துச்சு.

"யாருங்கம்மா தழை போட்டது?"

"நாந்தான்டி. பயிற்சியில அல்லாமே எந்திரிச்ச பொறகுதான் போடச் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

"எந்தப் பயிற்சிங்கம்மா?"

பாத்தியா இந்த வாய? ஒரு வருசத்துக்கு மேல பூட்டி வெச்சிருந்தேன், ஒரு நிமிசத்துல தொறந்துக்கிச்சு. மழுப்பிப் பாத்தேன். ரேடியோவுல சொன்னாங்கன்னேன். அவ நம்பல. அப்பறம் நாலு நாளா உள்ளுக்குள்ளயே அரிச்சுது எனக்கு. கடைசியில நானே பீரோவத் தொறந்து அதை எடுத்துக் குடுத்தேன். ரொம்ப நேரம் படிச்சா.

"எம் பேரு, எங்கப்பன் பேரு, அல்லாம் சரியா எழுதியிருக்குதுங்க. மூஞ்சி மட்டும் உங்குளுது."

நீ வேலுச்சாமிகிட்டப் போயிருவேன்னு பயந்துட்டுத்தான் அப்படிச் செஞ்சேன்னு சொன்னேன். அப்ப அவ சொன்னா பாரு, அதை இன்னிக்கும் என்னால செரிக்க முடியல.

"வேலுச்சாமியண்ணன் மூணு வருசமாக் கூப்புடறாருங்கம்மா. நாந்தான் போகல."

சத்தமே போடல. அந்தப் பாழாப் போன வெள்ளாமையக் கடைசிக் கூடு வரைக்கும் எடுத்துக் குடுத்துட்டு, செட்டக் கழுவிப் பவுடர் அடிச்சு வெச்சுட்டு, அடுத்த திங்கக்கெழமை வேலுச்சாமிகிட்டப் போயிட்டா. அவளை எங்கியும் போகக் கூடாதுன்னு நான் போட்ட திட்டம், அவளைக் கையப் புடிச்சுக் கொண்டு போயி அங்க விட்டுருச்சு.

அதுக்கப்பறம் ரெண்டு வெள்ளாமை நானே பாத்தேன். அதைச் சொன்னா உம்பட பலகையே அழுதுரும். உட்டுரு. பொறகு ஒரு நாள் வெக்கத்தை உட்டுட்டு வேலுச்சாமி தோட்டத்துக்கு நடந்து போனேன். அவ வேலியோரம் தழை வெட்டீட்டு இருந்தா. அங்க கூலி எச்சுத்தான், ஆனா செட்டுக்குள்ள உட மாட்டாங்களாமா. புழுவப் பாக்கறதுக்குப் படிச்ச பையன் ஒருத்தன் இருக்கறானாமா. வெட்டறது மட்டுந்தான் இவளுக்கு வேலை. புழு எப்படி இருக்குதுன்னு எங்கிட்டக் கேட்டா. எம்பட புழுவ. நான் எப்படி இருக்கறேன்னு கேக்கல பாரு. வந்துரு தொளசின்னேன். கொஞ்ச நேரம் வெட்டுனா. அப்பறந்தான் சொன்னா, அடுத்த வெள்ளாமையில மூணாந் தூக்கம் எந்திரிக்கற அன்னிக்கு வரேன், நான் வந்து பாக்கற வரைக்கும் தழை போடாம இருந்தீங்கன்னா அப்பறம் பேசலாம்னு.

அந்த அன்னிக்குத்தான் இன்னிக்கு. காலையில இருந்து நான் இந்தக் கட்டலை உட்டு எந்திரிக்கல. உள்ள அதுக தலைய ஆட்டறது எனக்கு இங்க இருந்தே தெரியற மாதிரி இருக்குது. நீ வந்தது நல்லதாப் போச்சு, பேசீட்டு இருந்தா நேரம் போகுது.

வண்டிச் சத்தம் கேக்குதா? அவ டிவிஎஸ்தான். பேசாம இரு. நீயா எதுவும் கேக்காத.

வா தொளசி. இந்தப் புள்ளை ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்து வந்திருக்குது... அல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆமா, பேரு மாத்துனதையும். நீ போயிப் பாத்துட்டு வா.

கால் கழுவறா பாரு. கையும் கழுவறா. நான் ஒரு நாளாச்சும் இப்படிக் கழுவியிருப்பனா? உள்ள போயிட்டா. நேரம் ஆகுதே. ஒரு தட்டுப் பாக்கறதுக்கு இத்தனை நேரமா?

வரா. கையில என்னமோ வெச்சிருக்கறா, தழைக் காம்பு.

அது... அது மூலைத் தட்டுல தொளசி. ஒரே ஒரு புடி. ஒரு பத்துப் புழு, அத்தனை பரிதாபமாப் பாத்துதுக. இந்தப் புள்ளை வரதுக்கு முந்தி. ஒரு எலை போடலீன்னு இதுகிட்டச் சொன்னேன்தான். அது எலையில்ல, கொளுந்து.

சிரிக்கறா அம்மிணி. சிரிக்கறாளா, இல்ல மூஞ்சியே அப்படியா?

என்ன தொளசி? மத்ததெல்லாம் நல்லா எந்திரிச்சிருக்குதுங்கறியா? இப்பத் தழை போடலாம்ங்கறியா? சரி. நாளையில இருந்து வரியா? ஆத்தா மகராசி. என்ன, செட்டுச் சாவியா? எம்பட இடுப்புல இருக்கறது உங்கிட்ட இருக்கோணுமா? செட்டு என்னோடதுடி. அதில்ல, குடுக்க மாட்டேன்னு சொல்லல. இந்தா. எடுத்துக்கோ.

இன்னும் என்ன? கேட்டியா அம்மிணி, அடுத்த பயிற்சி எப்பன்னு உங்கிட்டக் கேக்கறா. அவ போவாளாமா. அவ பேருல, அவளே. ஆறு நாளுக்கும் நான் கூலி குடுக்கோணுமாமா.

போயிட்டு வந்து, சர்டிபிகேட்ட வாங்கிட்டு, பொறகு வேற பெரிய செட்டுக்குப் போயிருவியா தொளசின்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. காலையில இருந்து ஓயாமப் பேசுன வாயி, அதை மட்டும் கேக்கல.

எழுதிக்கோ அம்மிணி. பேரு துளசிமணி. வயசு நாப்பத்தொண்ணு. போட்டோ அவளையே எடு. நான் தள்ளி நின்னுக்கறேன்.